இரண்டு வண்டியிலும் பின்னால் உட்கார்ந்தவள்

கதிர்,

வேலூர் ஷோரூமில் உன்னிடம் நான் பொய் சொன்னேன். அதைத் திருத்தத்தான் இந்தக் கடிதம். போனில் சொல்லியிருக்கலாம். போனில் நீ "சொல்லும்மா, சொல்லும்மா" என்பாய், பின்னால் மெஷின் சத்தம் கேட்கும், நான் "ஒண்ணுமில்லடா, சாப்டியா" என்று கேட்டு முடித்துவிடுவேன். நீ செய்யாரில் வேலைக்குப் போன நாளிலிருந்து அப்படித்தான் முடிக்கிறேன். நாளை ரேவதி செக்கப்புக்கு ஆரணி வருகிறாள். அவள் கையில் கொடுத்தனுப்புகிறேன். வெள்ளிக்கிழமை நீ வண்டிக்கு புக்கிங் போடப்போகிறாய், அதற்கு முன்னால் படித்துவிடு. கம்பெனி பஸ்ஸில் படிக்காதே. வீட்டுக்குப் போய், முகம் கழுவி, உட்கார்ந்து படி. பள்ளிக்கூட ஆபீசில் முப்பது வருஷம் மற்றவர்களின் கையெழுத்துக்காகக் கடிதம் எழுதினேன். எல்லாம் அரைப் பக்கத்தில் முடியும். இது அப்படி முடியாதுபோல் இருக்கிறது.

வண்டி எதற்கு என்று நீ எங்களிடம் சொன்னதை, எனக்குப் புரிந்த அளவில், முதலில் எழுதிக்கொள்கிறேன். ரேவதியின் அப்பா கொடுத்த நிலம் சந்தவாசல் தாண்டி மலையடிவாரத்தில் இருக்கிறது. எலுமிச்சை, கொஞ்சம் வாழை. தார் ரோடு முடிந்தபிறகு மூன்று கிலோமீட்டர் கல்லும் மண்ணும். நடுவில் ஒரு கானாறு, மழை பெய்தால் முழங்கால் அளவு தண்ணீர். போன ஐப்பசியில் உன் நண்பனின் கார் அங்கே வயிறு தட்டி நின்றது, டிராக்டர் வைத்து இழுத்தீர்கள். வாடகைக்குக் கூப்பிடும் லோடு ஆட்டோக்காரர் கானாற்றுக்கு இந்தப் பக்கமே நின்றுகொண்டு வாழைத்தாரைத் தலையில் தூக்கி வரச் சொல்கிறார். ஆகவே முன்னால் ஐந்து பேர் உட்கார, பின்னால் திறந்த பாடியில் சுமை ஏற்ற, நான்கு சக்கரமும் இழுக்கிற ஒரு பிக்கப். நிலத்துக்கும் அதுதான், குடும்பத்துக்கும் அதுதான். தை மாதம் உனக்கும் ரேவதிக்கும் குழந்தை பிறந்துவிடும். வண்டி ஆரணியில், நம் வீட்டு வாசலில் நிற்கும். செய்யாரில் உன் வாடகை வீட்டுச் சந்தில் சைக்கிளே திரும்பாது. இதெல்லாம் சரி. இதில் எனக்கு ஒரு மறுப்பும் இல்லை.

இரண்டு வண்டி பார்த்தோம். ஒன்று வெள்ளை. உயரம், அகலம், கியர் போட்டு ஓட்டுவது, பின்னால் தடித்த ஸ்பிரிங் பட்டைகள். உன் அப்பாவுக்கு அதைப் பார்த்ததுமே பிடித்துவிட்டது. குனிந்து அடியில் பார்த்தார், பட்டையை விரலால் தட்டிப் பார்த்தார். இன்னொன்று சாம்பல் நிறம். கொஞ்சம் தாழ்வு, பாடி கொஞ்சம் சின்னது, கியர் தானே மாறிக்கொள்வது. அதில் ஏறி உட்கார்ந்த உன் அப்பா இடது காலால் கீழே துழாவினார்.

"இன்னாப்பா, கிளச்சே காணோம்?"

"ஆட்டோமேட்டிக் சார். லெஃப்ட் காலுக்கு வேலையே இல்ல."

"காலுக்கு வேல இல்லன்னா நான் ஊட்லயே குந்திகினு இருப்பனே. இவ்ளோ தூரம் இதுக்கு வரணுமா."

விற்கிற பையன் சிரித்தான். நீயும் சிரித்தாய். நானும். உன் தங்கை மலர் சிரிக்கவில்லை. அவள் குனிந்து, அப்பாவின் காலுக்குக் கீழே இருந்த இரண்டு மிதிகளையும் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்போது அதைப் பற்றி எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

வெள்ளை வண்டியில் ஏறும்போது நடந்ததை நீ மறந்திருப்பாய். நான் மறக்கவில்லை. படி என் முழங்காலுக்கு மேல் இருந்தது. நான் கைப்பிடியைப் பிடித்து, ஒரு மூச்சு விட்டு, ஏறிவிட்டேன். மலர் சரியாக ஊன்றாத தன் இடது காலை எங்கே வைப்பது என்று பார்த்துக்கொண்டு நின்றாள். அவளுக்கு எங்கே ஏறுவதானாலும் ஒரு கணக்கு உண்டு. ஷேர் ஆட்டோவுக்கு ஒன்று, கடை மாடிப்படிக்கு ஒன்று. புதிய இடத்தில் அதைப் போட அரை நிமிஷம் ஆகும். நீ அந்த அரை நிமிஷத்தைக் கொடுக்கவில்லை. பின்னாலிருந்து இரண்டு கையையும் அவள் அக்குளில் கொடுத்துத் தூக்கி உள்ளே வைத்தாய். இருபத்தெட்டு வயதுப் பெண்ணை. அந்தப் பையன் முன்னால். "உடுண்ணா" என்றாள். இரண்டு தடவை, மெதுவாக. நீ அதை நன்றி என்று எடுத்துக்கொண்டாய். பிறகு முன்னால் போய் உட்கார்ந்து, கண்ணாடியில் அவளைப் பார்த்துக்கொண்டே, "இதுல ஏழு ஏர்பேக் கீதும்மா. பின்னாடி உக்கார்றவங்களுக்கும் கீது" என்றாய். என்னிடம் சொல்வதைப்போல அவளிடம் சொன்னாய்.

உனக்கு நல்ல மனசு கதிர். அந்த நல்ல மனசு எங்கிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியும். அதனால்தான் எழுதுகிறேன்.

ரோட்டை விட்டு இறக்கி, உடைந்த ஓரத்தில் ஓட்டிப் பார்த்தாய். முன்னால் உனக்கும் அப்பாவுக்கும் ஒன்றும் தெரிந்திருக்காது. பின்னால் சாய்மானம் சுவர்போல நேராக நிற்கிறது. தரை மேடு, முழங்கால் மார்புக்கு வருகிறது. பாடியில் சுமை இல்லாததால் பின்பக்கம் குதிக்கிறது. "காலி வண்டி குதிக்கத்தான் குதிக்கும். ரெண்டு மூட்ட போட்டா அடங்கிடும்" என்று உன் அப்பா திரும்பாமலே சொன்னார். அது உண்மைதான். மலர் மேல்கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, இடுப்பைத் தூக்கித் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள். நீ கேட்டாய், "எப்டிம்மா கீது பின்னாடி? நீ சொல்றதுதான். நீ சொன்னா இதையே போட்டுர்றேன்." நான் சொன்னேன், "நல்லாத்தான்டா கீது. இதையே போடு."

அதுதான் பொய். சாம்பல் வண்டியின் பின்சீட் இதைவிட நன்றாக இருந்தது என்று நினைக்காதே. அதிலும் இதே முதுகு வலிதான். இரண்டு வண்டியையும் செய்தவர்கள் பின்சீட்டைக் கடைசியாக, சாயங்காலமாகிவிட்ட பிறகு செய்தார்கள்போலிருக்கிறது. பொய் எதுவென்றால், என்னைக் கேட்டதும் நான் பழையபடி பதில் சொன்னது. வண்டியின் பின்னால் எப்படி இருக்கிறது என்று யாராவது என்னைக் கேட்டால், நல்லாத்தான் கீது என்பேன். அப்படிச் சொல்லியே எனக்குப் பழக்கம். அந்தப் பழக்கம் எந்த வண்டியில் வந்தது என்று உனக்கு ஞாபகம் இருக்கும்.

அப்பாவின் பழைய லோடு வண்டி. முன்னால் இரண்டு பேர் உட்காரும் கேபின், பின்னால் திறந்த பாடி. ஆரணிக் கடைகளிலிருந்து தறியில் ஏற்றும் பாவும் பட்டு நூலும் வாங்கிக்கொண்டு ஊர் ஊராக நெசவுக்காரர் வீடுகளில் இறக்குவார், நெய்து முடித்த புடவைகளைத் திரும்பக் கொண்டுவருவார். பட்டு தூசு படக்கூடாது, நனையக்கூடாது. ஜரிகையில் தண்ணீர் பட்டால் கறுத்துப்போகும். அதனால் சரக்கு எப்போதும் கேபினில். நாங்கள் பாடியில். கோயிலுக்குப் போனாலும், தெள்ளாரில் என் தங்கை வீட்டுக் கல்யாணத்துக்குப் போனாலும், அப்படித்தான். சரக்கு இல்லாத நாளில்கூட அப்படியே பழகிவிட்டது. கல்யாணமான புதிதில் ஒரு தடவை கேட்டேன். "சரக்கு உள்ள, நாங்க வெளியவா?" அவர் கோபப்படவில்லை. நிஜமாகவே விளக்கினார். "அது அடுத்தவங்க பொருளு. நம்பிக் குடுத்துகிறாங்க. நீங்க என் ஆளுங்க. என் ஆளுங்க கொஞ்சம் நனஞ்சா நான் பதில் சொல்லிக்குவேன். அது நனஞ்சா இன்னான்னு சொல்லுவேன்?" எனக்கு அது நியாயமாகப் பட்டது. இப்போதுகூட அதைத் தப்பு என்று சட்டென்று சொல்ல வரவில்லை. இந்த ஊரில் நம்மைப்போல் இருந்தவர்களுக்கு அந்தச் சொல்தான் சோறு போட்டது. உன் அப்பா கொண்டுவந்த புடவைக் கட்டை யாரும் பிரித்து எண்ணியது கிடையாது. நான் சொல்ல வருவது வேறு. அதை நான் நியாயமென்று எடுத்துக்கொண்டது மட்டுமில்லை, உங்களுக்கும் அதையே சொல்லி வளர்த்தேன். "காலு பட்டுடப்போவுது, தள்ளி குந்து." சரக்கைச் சொன்னேன். பிள்ளைகளிடம் அதிகமாகச் சொன்ன வாக்கியம் எதுவென்று யோசித்தால் அதுதான் வருகிறது.

இனி அந்த ஆடி வெள்ளி. உனக்கு ஒன்பது வயது, அவளுக்கு ஆறு. படவேடு கோயிலுக்குப் போய்விட்டுத் திரும்புகிறோம். சந்தவாசலுக்கு முன்னால் ஒரு வீட்டில் புடவைக் கட்டு வாங்கவேண்டியிருந்தது. அதுவரை மலர் முன்னால், அப்பா பக்கத்தில். அன்றைக்குக் கேபினில் ஒரு பிள்ளைக்கு இடம் இருந்தது. நீ பின்னால் என்னோடு. வண்டி நின்றதும் நீ அழுதாய், எனக்கும் முன்னால் உட்காரணும் என்று. மாற்றினோம். உன் மடியில் புடவைக் கட்டை வைத்து, அசையாமல் பிடித்துக்கொள் என்றார் அப்பா. மலர் பின்னால் வந்தாள். கேபினுக்குள் நுழையாத அளவு பெரிய இரண்டு பாவும் ஒரு நூல் மூட்டையும் பாடியில் இருந்தன, தார்ப்பாய் போட்டு மூடி. கிளம்பினோம். நீ பின்கண்ணாடி வழியாக எங்களைப் பார்த்துச் சிரித்தாய். அவள் கண்ணாடியைத் தட்டினாள். பிறகு மழை.

நீ இத்தனை வருஷமாக நினைத்திருப்பது எனக்குத் தெரியும். அவள் உன்னைப் பார்க்க எழுந்து நின்றாள், விழுந்தாள். நீ அழுது இடம் மாற்றாமல் இருந்திருந்தால் விழுந்திருக்கமாட்டாள். அப்படித்தான் எல்லோரிடமும் சொன்னோம். ஆஸ்பத்திரியில் சொன்னோம், தெருவில் சொன்னோம், உன் காதுபட உன் பெரியம்மாவிடம் சொன்னோம். முதலில் சொன்னது நான்.

நடந்தது வேறு. அவள் எழுந்து நின்றாள், அது உண்மை. ஆனால் நான் அவள் கையைப் பிடித்திருந்தேன். வலது கையால், மணிக்கட்டில். பிடி நன்றாகத்தான் இருந்தது. மழையோடு காற்று வந்து தார்ப்பாயின் ஒரு மூலை எழும்பியது. பாவு தெரிந்தது. அடர் பச்சை, கத்தரிப்பூ நிறத்தில் கரை. நிறம்கூட ஞாபகம் இருக்கிறது. நான் அவள் கையை விட்டுவிட்டு, இரண்டு கையாலும் தார்ப்பாயைப் பிடித்தேன். யோசிக்கவில்லை. யோசித்திருந்தால் விட்டிருக்கமாட்டேன் என்று சொல்லிக்கொள்வேன். அதுவும் எனக்கு நிச்சயமில்லை. வண்டி ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது. திரும்பிப் பார்த்தபோது அவள் வண்டியில் இல்லை.

பாவு நனையவில்லை. அதையும் சொல்லிவிடுகிறேன். அன்றைக்கே உன் அப்பா அதைக் கொண்டுபோய்த் தறிக்காரர் வீட்டில் சேர்த்தார், ஒரு சொட்டு படாமல்.

அவள் கால் அப்படி ஆனபிறகு நீ எப்படி ஆனாய் என்பதை நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். பள்ளிக்கூடத்துக்கு அவள் பையையும் சேர்த்துத் தூக்கினாய். அவளோடு விளையாட யாரும் வராவிட்டால் நீயும் விளையாடப் போகவில்லை. சென்னையில் வேலை கிடைத்தபோது வேண்டாம் என்று செய்யாரைப் பிடித்தாய், கிட்டத்தில் இருக்கவேண்டும் என்றாய். பெண் பார்க்கும்போது ரேவதியிடம் நீ கேட்ட முதல் கேள்வி, "என் தங்கச்சி எங்களோட இருந்தா ஒனக்கு ஓகேவா?" ஊரில் எல்லோரும் சொன்னார்கள், அண்ணன் என்றால் இவன் அண்ணன். நான் கேட்டுக்கொண்டு நின்றேன். ஒவ்வொரு தடவையும் இப்போது சொல்லிவிடலாம் என்று தோன்றும். சொன்னால் நீ அவளை விட்டுவிடுவாயோ என்று ஒரு பயம். இல்லை, அது அழகாக எழுதப்பட்ட பயம். நீ என்னை எப்படிப் பார்ப்பாய் என்பதுதான் பயம்.

அந்தச் சம்பவத்துக்குப் பிறகு உன் அப்பா செய்த ஒன்றை நினைத்தால் எனக்குச் சிரிப்பு வரும். மறுவாரமே வெல்டிங் பட்டறைக்குப் போய் வண்டியின் பாடியைச் சுற்றி மார்பளவு கம்பி அடித்தார். நல்ல கனமான கம்பி. பச்சைப் பெயின்ட். யாரும் விழ முடியாது. நாங்கள் மறுபடி அதே பாடியில், கம்பிக்குள், உட்கார்ந்து போனோம். சரக்கு கேபினில் போனது. எங்கள் யாருக்கும், எனக்கும்தான், இடத்தை மாற்றிக்கொள்ளலாம் என்று தோன்றவே இல்லை. பாதுகாப்பு என்றால் கம்பி என்று நினைத்தோம். இப்போது நீ ஏர்பேக் எண்ணும்போது எனக்கு அந்தப் பச்சைக் கம்பிதான் தெரிகிறது. கோபித்துக்கொள்ளாதே. ஏழு ஏர்பேக் நல்லதுதான், ரேவதிக்கும் குழந்தைக்கும் வேண்டியதுதான். சாம்பல் வண்டியில் ஆறு இருக்கிறது என்று அந்தப் பையன் சொன்னதை நீ காதில் வாங்கவில்லை, அவ்வளவுதான்.

போன ஞாயிற்றுக்கிழமை காலை மலரிடம் முதலில் சொன்னேன். உனக்கு முன்னால் அவளுக்குச் சொல்வதுதான் முறை என்று பட்டது. அவள் கம்ப்யூட்டரில் ஒரு கரைக்கு டிசைன் போட்டுக்கொண்டிருந்தாள், கட்டம் கட்டமாக, மயிலுக்குக் கழுத்து. நான் பக்கத்தில் உட்கார்ந்து அவரைக்காய்க்கு நார் எடுத்துக்கொண்டிருந்தேன். எதிர்த்தாற்போல் உட்கார்ந்திருந்தால் சொல்லியிருக்கமாட்டேன்.

"மலரு. அன்னிக்கு உன் கைய நான் உட்டுட்டேன்டி."

அவள் திரும்பவில்லை. "தெரியும்மா."

"இன்னாடி தெரியும்?"

"உழுந்தது நான்தானம்மா. எனக்குத் தெரியாதா?"

கட்டங்களை நிரப்பிக்கொண்டே இருந்தாள். நான் கேட்டேன், "பின்ன ஏன்டி உங்கண்ணன்கிட்ட சொல்லாம இருந்த? அவன் பாட்டுக்கு ஆயுசு பூரா சொமந்துகினு கீறான்."

"சொன்னேன். பத்தாவது படிக்கசொல்லோ."

"இன்னா சொன்னான்?"

"அம்மா கைய உடமாட்டாங்கன்னான். பொய் சொல்லாதன்னுட்டு ரெண்டு நாளு பேசல. அப்பால நானும் உட்டுட்டேன். அது உன் வேல, நீயே சொல்லிக்கன்னு."

எனக்கு அதற்குமேல் நார் எடுக்க முடியவில்லை. நீ அப்படிச் சொன்னாயா கதிர்? உனக்கு ஞாபகம் இருக்கிறதா? இப்போது நானே எழுதிக் கொடுக்கிறேன். அம்மா கையை விட்டாள். மலர் பொய் சொல்லவில்லை. நீ முன்னால் உட்கார அழுதது ஒன்பது வயதுப் பிள்ளை அழுகிற அழுகை, அவ்வளவுதான். நீ மடியில் வைத்திருந்த கட்டை நீ விடவில்லை. உனக்குக் கொடுத்த வேலையை நீ செய்தாய்.

கொஞ்ச நேரம் கழித்து, பேச்சை மாற்றவேண்டும் என்பதற்காகக் கேட்டேன், "அந்தச் சாம்பக் கலரு வண்டியில எல்லாரும் எறங்கின பெறவு, நீ மட்டும் டிரைவர் சீட்டுல அவ்ளோ நேரம் இன்னாடி பண்ணிகினு இருந்த?" நீங்கள் உள்ளே விலை பேசிக்கொண்டிருந்தீர்கள், நான் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். பின்சீட்டிலிருந்து இறங்கி, கதவைப் பிடித்துக்கொண்டே சுற்றி வந்து, முன்னால் ஏறினாள். தன் கணக்குப்படி. ஸ்டியரிங்கில் கை வைத்துக்கொண்டு நேராகப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

அவள் எழுந்துபோய்க் கைப்பையிலிருந்து ஒரு காகிதம் எடுத்து வந்து அவரைக்காய்மேல் வைத்தாள். எல்.எல்.ஆர். இரண்டு மாதமாக ஓட்டப் பழகுகிறாள். புடவைக் கடையில் அவளோடு வேலை செய்யும் சுமதியிடம் கியர் இல்லாத சின்னக் கார் இருக்கிறது. காலையில் கடை திறப்பதற்கு முன் சேவூர் ரோட்டில் ஓட்டுகிறார்கள். வலது கால் மட்டும் போதும். இடது கால் சும்மா இருக்கலாம். "டிசைன் சரியா வருதான்னு தறிக்காரங்க ஊட்டுக்கு நான் போவணும்மா. எவனாவது பைக் எடுத்தா பின்னாடி குந்திகினு போறேன். அவன் எப்போ டீ குடிச்சி முடிக்கிறானோ அப்போதான் நான் கெளம்பணும். பேஜாரா கீது."

"அண்ணன்கிட்ட கேளேன்டி. கேட்டா அந்த வண்டியே எடுத்துடுவான்."

"கேட்டா எடுத்துடுவான். அதனாலதான் கேக்கல."

இதை நான் இரண்டு நாள் யோசித்தேன். புரிந்தது. உனக்கும் புரியும், கொஞ்ச நேரம் ஆகும்.

உன் அப்பாவிடமும் சொன்னேன், இரண்டையும். வாசலில் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார். கையைப் பற்றிச் சொன்னதும் தாளை மடித்தார். "தார்ப்பாய புடின்னு கத்தினது நான். அதையும் எழுது அவனுக்கு." எனக்கு அந்தக் குரல் ஞாபகம் இல்லை கதிர், மழையில் கேட்டதா, கேட்காமலேயே பிடித்தேனா, தெரியவில்லை. அவர் சொல்லச் சொன்னதால் எழுதுகிறேன். பிறகு மலர் ஓட்டப் பழகுவதைப் பற்றி, "கியரு இல்லாத வண்டி எறக்கத்துல புடிக்காது" என்று ஆரம்பித்தார். உள்ளேயிருந்து மலர், "அதுலயும் கியரு கீதுப்பா. எறக்கத்துல நம்மளே கம்மியில நிறுத்தி வெச்சிக்கலாம். அப்பால நாலு சக்கரத்துக்கும் தனியா ஒரு ஸ்லோ கீது" என்றாள். "அல்லாத்தையும் வண்டியே பாத்துக்கிச்சின்னா டிரைவருக்கு இன்னா வேல?" என்றார். "ரோட்ட பாக்கற வேல" என்றாள். அவர் தாளை மறுபடி விரித்துக்கொண்டார். சாப்பிடும்போது, யாரையும் பார்க்காமல், "கானாத்துல எறங்கறதுக்கு முன்னாடி ஆள எறக்கி தண்ணி எவ்ளோன்னு பாக்கணும். எடது பக்கம் பாற கீது, வலது ஓரமா உடணும்" என்றார். யாருக்குச் சொன்னார் என்று சொல்லவில்லை. மலர் ரசம் ஊற்றிக்கொண்டே "சரிப்பா" என்றாள்.

இனி நான் சொல்ல நினைத்த சின்ன விஷயங்கள். எந்த வண்டி எடுத்தாலும் காலியாக ஓட்டாதே, பின்னால் இரண்டு மூட்டை மணல் போட்டு வை. பின்னால் உட்காருபவர்களின் முதுகெலும்பு உனக்குத் தெரியாது. ஏறுவதற்குத் தாழ்வாக ஒரு படி தனியாகப் போட்டுக் கொடுக்கிறார்கள், அதைப் போட்டுக்கொள். அது மலருக்காக என்று சொல்லாதே, ரேவதிக்கும் எனக்கும் எல்லோருக்கும்தான். யாரையும் தூக்கி வைக்காதே. ஏறட்டும், காத்திரு. பாடிக்கு மூடி போட்டுக்கொள். வாழைத்தார் நனைந்தால் நனையட்டும். ஆள் உள்ளே, பொருள் வெளியே என்று அமைந்த வண்டி நம் வீட்டுக்கு இதுதான் முதல் தடவை வருகிறது. பழக்கத்தில் நீயும் ஒருநாள் உரமூட்டையைப் பின்சீட்டில் ஏற்றிவிட்டு, "அம்மா, கொஞ்சம் பின்னாடி பாடியில குந்திக்கிறியா, பத்து நிமிஷம்தான்" என்பாய். நான் குந்திக்கொள்வேன். அதுதான் என் பயம். நான் மாறமாட்டேன், களைத்துவிட்டேன். நீ கேட்காமல் இரு.

எந்த வண்டி என்று நான் சொல்லப்போவதில்லை. என் பேச்சை வைத்து முடிவெடுப்பதாகச் சொன்னாய். அந்தப் பேச்சைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். வெள்ளிக்கிழமைக்கு முன்னால் மலருக்குப் போன் செய். கடையில் மதியம் ஒன்றரையிலிருந்து இரண்டு வரை சாப்பாட்டு நேரம், அப்போது எடுப்பாள். கையைப் பற்றிப் பேசவேண்டுமானால் நேரில் பேசிக்கொள்ளுங்கள், போனில் வேண்டாம், அழுவாய். போனில் வண்டியைப் பற்றி மட்டும் பேசு. "ஒனக்கு எது வேணும்" என்று கேட்காதே. அப்படிக் கேட்டால் அவள் ஒன்றும் வேண்டாம் என்பாள், அவள் என் மகள். "எத எடுக்கலாம்" என்று கேள். கேட்டுவிட்டுச் சும்மா இரு, அவள் யோசித்துத்தான் சொல்வாள். சொன்னதும் உடனே சரி என்றுவிடாதே. ஏன் என்று கேள். பாடி சின்னதாச்சே, வாழைத்தார் எத்தனை போகும் என்று கேள். சர்வீஸ் எங்கே என்று கேள். உன் அப்பாவோடு மல்லுக்கு நிற்பதுபோல அவளோடும் நில். கத்தினாலும் பரவாயில்லை. அவள் சொல்வது சரியில்லை என்று பட்டால், சரியில்லை என்று அவளிடம் சொல்.

அம்மா